அதே இடத்தில்

"கை எரியுதடி பிள்ளை! எடு கையை!"

நாகேஸ்வரி ஓடிவந்து மகளின் கையைத் தட்டிவிட்டாள். தோசைக்கல்லின் விளிம்பில் சாய்ந்திருந்த இடது முழங்கையோரம் தோல் வெந்து சுருங்கிப்போயிருந்தது. மேனுகா அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அப்பா போனதிலயிருந்து மரக்கட்டை மாதிரித் திரியிறாய்." தாய்க்கு அழுகை வந்துவிட்டது. "ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியே? அழுதால்தானே பிள்ளை மனம் ஆறும்."

தகப்பன் சிவபாலனின் உடலை வெள்ளவத்தை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போனபோதும் மேனுகா அழவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு கொள்ளுப்பிட்டிக் காப்புறுதிக் கந்தோருக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

கீழ்மாடியில் இருக்கும் டொக்டர் சுபோதினி, கொட்டாஞ்சேனைத் தேவாலயமொன்றின் மருத்துவ மிஷனோடு தோட்டப் பக்கம் போய்வருபவர். நாகேஸ்வரியின் புலம்பலைப் படிக்கட்டில் நின்று கேட்டார்.

"மேனுகாவை ஒரு சனிக்கிழமை என்னோட விடுங்கோ அன்ரி. நாலு சனத்தோட கதைச்சா மனம் கொஞ்சம் இளகும்."

டொக்டர் போனபிறகு நாகேஸ்வரி கதவைச் சாத்தினாள். "கிறிஸ்தவ வேதத்துக்கு மாத்தினாலும் பரவாயில்லை. அங்க தொழுநோய் எல்லோ பாக்கினமாம்? அதை நீ தொத்திக்கொண்டு வந்தா ஆர் உன்னைக் கட்டுவான்?"

"போறன்," என்றாள் மேனுகா. போவதும் போகாமல் இருப்பதும் அவளுக்கு ஒன்றுதான்.

அடுத்த மாதம் மிஷன் வேன் அவளையும் ஏற்றிக்கொண்டு, அவிசாவளைக்கு அங்கால் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு முன்னால் கூடாரம் அடித்திருந்தார்கள். மருந்துப் பெட்டிகளை இறக்கிய பிறகு, வெளியே தயங்கி நிற்பவர்களோடு கதைத்து உள்ளே கூட்டிவருவதுதான் மேனுகாவின் வேலை.

செல்வமணி மட்டும் அசையவில்லை. ரப்பர் பால் வெட்டுகிறவள். இடது முழங்கையோரம் இருந்த வெளிறிய தேமலைச் சேலைத் தலைப்பால் இறுக்கி மூடியிருந்தாள்.

"நான் காட்டமாட்டேன் மிஸ். அந்த நோயின்னு சொல்லிட்டா எங்க வீட்டுத் தண்ணிய ஒருத்தரும் குடிக்கமாட்டாங்க. எம் புருஷன் என்னய வெளிய அனுப்பிருவாரு."

"நோய் எண்டாலும் மருந்துக் குளிசை இருக்கு. அதுக்குக் காசில்லை. ஒழுங்காப் போட்டா முழுசாச் சுகம் வரும். போடத் தொடங்கினாப் பிறகு மற்ற ஆக்களுக்குத் தொத்தாது." டொக்டர் சொல்லிக்கொடுத்ததை மேனுகா அப்படியே ஒப்புவித்தாள். கந்தோரில் காப்புறுதி விதிகளை வாசிக்கும் அதே குரல்.

"நீங்க சொல்லிட்டு வேன்ல ஏறிப் போயிருவீங்க." செல்வமணி அழத் தொடங்கினாள்.

மேனுகா அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

மூக்கைச் சிந்திவிட்டுச் செல்வமணியே கேட்டாள். "உள்ள ஊசி குத்துவாங்களா?"

"ஊசியில்லை. கண்ணை மூடச் சொல்லிப்போட்டுப் பேனை முனையால மெல்லத் தொடுவா. தொட்ட இடத்தை நீங்கள் விரலால காட்டவேணும். உணர்ச்சி இருந்தாச் சும்மா தேமல். இல்லாட்டித்தான் அந்த நோய்."

"அப்ப மொதல்ல ஒங்களுக்குச் செய்யச் சொல்லுங்க. நீங்க காட்டுனா நானும் காட்டுறேன்."

மேனுகா யோசிக்கவேயில்லை. உள்ளே போய் டொக்டரின் முன்னால் உட்கார்ந்து, இடது கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். செல்வமணி பக்கத்தில் குந்தினாள்.

பேனை விரல் நுனியில் பட்டது. "இதில," என்று தொட்டுக் காட்டினாள். புறங்கை. "இதில." மணிக்கட்டு. "இதில." ஒவ்வொரு தடவையும் சரியாக வர, செல்வமணி சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தாள்.

"அங்க இல்ல டொக்டரம்மா, மேல! எனக்கு இருக்கிற அதே எடத்துல தொடுங்க."

சட்டைக் கையை டொக்டர் மேலே சுருட்டிவிடுவது தெரிந்தது. மேனுகா காத்திருந்தாள். மூடிய கண்ணுக்குள் அப்பா வந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில், கடைசி நாட்களில், அவரும் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு அவளுடைய கையைத் தேடினார்.

இமையோரம் ஈரம் கசிந்து கன்னத்தில் இறங்கியது. தான் அழுகிறோம் என்பது மேனுகாவுக்கே ஆச்சரியமாக இருந்தது. அம்மாவிடம் சொல்லவேண்டும், நான் மரக்கட்டை இல்லையம்மா என்று.

செல்வமணியின் சிரிப்பு நின்றிருந்தது.

"தொடுங்கோவன் டொக்டர்," என்றாள் மேனுகா, கண்ணைத் திறக்காமல். "நான் காத்துக்கொண்டிருக்கிறன்."

செல்வமணிதான் தணிந்த குரலில் சொன்னாள்.

"தொட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க, மிஸ்."