அம்மாள் கேட்ட சந்தேகம்

“எந்தப் பாடத்துக்கு என்ன புத்தகம் வாங்கணும்னு தெரிஞ்சுக்க வகுப்புல உட்காரட்டுமான்னு கேட்டீங்க, சரின்னேன். உங்க சந்தேகத்துக்கே பாதி நேரம் போயிடுதே, மேடம்!” என்றார் கணிதப் பேராசிரியர்.

“மண்டையில ஏறமாட்டேங்குதே, சார்” என்றாள் கல்லூரி நூலகர் அம்மாள்.

“பசங்களுக்கு ஏறுதே! ஒருத்தராவது வாயைத் திறக்கறாங்களா? நாளையிலேருந்து வராதீங்க.”

“பரீட்சை வரைக்குமாவது...”

“பரீட்சை அவங்களுக்கு. உங்களுக்கென்ன?”

அம்மாள் நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வெடுக்கென்று பேசிவிட்டோமே என்று மனசு கேட்காமல், சாயங்காலம் அவர் நூலகத்துக்குப் போனார். அலமாரிக்கு அந்தப் பக்கம் அவருடைய மாணவர்களின் குரல்.

“மேடம், நாங்க கேக்கச் சொன்ன சந்தேகத்துல இன்னும் ரெண்டு பாக்கி. நாளைக்குக் கேட்டுடறீங்களா?”

“இனிமே நீங்களேதான் கேக்கணும், கண்ணுங்களா. சார் என்னை வர வேண்டாம்னுட்டாரு.”

“ஐயோ, அவர்கிட்ட நாங்களா? ‘இதுகூடத் தெரியாதா’ன்னு மானத்தை வாங்கிடுவாரே! நாங்க ஃபெயில்தான்.”

பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார்.

“நாளைக்கு வந்துடுங்க, மேடம். முன் பெஞ்சுலயே உட்காருங்க. சந்தேகத்தை இவங்களே கேக்கட்டும். நான் எரிஞ்சு விழுந்தா, நீங்க என்னை அதட்டுங்க.”