காலை ஷிப்ட்

“இந்த வெங்கட் ஒருத்தன்தான் பிடி கொடுக்க மாட்டேங்கிறான்” என்று முணுமுணுத்தபடி, அவனுக்கும் சேர்த்து தே தாரிக் தேநீர் வாங்கினார் நடேசன். சிங்கப்பூரின் ஆங் மோ கியோவிலிருந்து மாற்றலாகி, உட்லண்ட்ஸ் பஸ் டிப்போவில் தொழிற்சங்கக் கிளைத் தலைவராகி மூன்றே வாரம். அதற்குள் தேர்தல்!

அப்பா காலத்திலிருந்தே சங்கத்து ஆட்கள் ஆளுங்கட்சிப் பக்கம். இப்போது என்னடாவென்றால், டிரைவர்கள் கேண்டீனிலேயே எதிர்க்கட்சிக் கூட்டத்தை போனில் பார்க்கிறார்கள். “என் கிளையில ஒரு ஓட்டுகூட மாறாது” என்று மேலிடத்தில் வாய்விட்டுவிட்டாரே மனிதர், தூக்கம் வருமா?

“தம்பி, இந்தத் தடவை யாருக்கு?”

வெங்கட் சிரித்தான். “அதெல்லாம் நமக்கெதுக்குண்ணே? காலை ஷிப்ட் கிடைச்சா போதும்லா. சாயந்திரமானா பாலத்துல ஒரே ஜாம். வீடு போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆகுது.”

வாடகை மலிவென்று பாலம் தாண்டி மலேசியாவின் ஜோகூரில் குடியிருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டார் நடேசன்.

காலியாக இருந்தது ஒரே ஒரு காலை ஷிப்ட். அதைத்தான் டிரைவர் உமாமகேஸ்வரி இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டு வரும் ஏழு வயது மகள், அம்மா வரும்வரை தினமும் பக்கத்து வீட்டில் காத்திருக்கிறாள்.

“உமா, நீ நம்ம ஆளும்மா. உங்கப்பாவும் சங்கத்துக்காரர். அடுத்த தடவை கண்டிப்பா பார்க்கலாம், என்ன?”

“சரிண்ணே” என்றாள் அவள்.

நடேசன் மேனேஜரைப் பிடித்துப் பேசினார். மறுநாளே காலை ஷிப்ட் வெங்கட்டுக்குப் போனது.

தேர்தல் நாள் மத்தியானம். தேநீரை உறிஞ்சியபடி, வேலை முடித்து வந்த வெங்கட்டின் தோளில் கை போட்டார் நடேசன். “என்ன தம்பி, ஓட்டுப் போட்டாச்சா?”

“எனக்கு ஏதுண்ணே இங்க ஓட்டு? நான் மலேசியாக்காரன்லா!”

நடேசனுக்குத் தேநீர் புரையேறியது. அடப்பாவி, இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

அந்த நேரம் மத்தியான ஷிப்டுக்கு உமாமகேஸ்வரி வந்தாள். அப்பாடா, இவளாவது இருக்கிறாளே!

“உமா, நீ போட்டுட்டேல்ல?”

“காலையிலேயே போட்டுட்டேண்ணே. முதல் தடவையா, மாத்தி.”