வலி தெரியாத ஏட்டு

அடிக்கிற போலீஸ்காரருக்கும் அதே வலியைக் கொடுக்கும் பட்டையைக் கையில் கட்டச் சொல்லிச் சட்டம் வந்ததும், ஸ்டேஷன்களில் லத்திகள் மூலைக்குப் போய்விட்டன. ஏட்டு சற்குணத்தின் ஸ்டேஷனில் மட்டும் போகவில்லை. ஒரு விபத்தில் நரம்பு செத்து அவருக்கு வலியே தெரியாமல் போயிருந்தது. அது இன்ஸ்பெக்டருக்கு மட்டும் தெரியும்.

அன்று மத்தியானம், நகை திருடியதாகப் பெயிண்டர் மாடசாமியைப் பிடித்து வந்தார்கள். "ஒத்துக்கிற வரைக்கும் விடாதீங்க ஏட்டையா" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் சாப்பிடப் போனார்.

சற்குணம் அடித்தார். விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்டது.

"மூச்சு விட முடியலய்யா. நான் எடுக்கல."

எல்லாரும் சொல்வதுதானே என்று இன்னும் ஓங்கி அடித்தார். மாடசாமியின் வாயில் ரத்தம் கொப்பளித்தது. தலை தொங்கிவிட்டது.

விசாரணை ஒரே நாளில் முடிந்தது. 'இவ்வளவு அடி அடித்திருந்தால் ஏட்டே வலியில் சுருண்டிருப்பார். அவர் நன்றாக இருக்கிறார். ஆகவே மாடசாமி வழுக்கி விழுந்தே இறந்தார்' என்று எழுதினார்கள்.

பிணவறை வாசலில் மாடசாமியின் மனைவி சற்குணத்திடம் வந்தாள்.

"கடைசியா நீங்கதானேய்யா கூட இருந்தீங்க. அவருக்கு ரொம்ப வலிச்சுதா?"

சற்குணம் தன் கையில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்தார்.

"தெரியலம்மா" என்றார்.