கழற்றாத தொப்பி

"ஜெயிச்சது கிடக்கட்டும். நீ வீசின பந்து எதிரணிப் பையன் முதுகுல பட்டுச்சே, தொப்பியக் கழட்டி மன்னிப்புக் கேட்டியா?"

அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் மகன் இத்சுகியிடம், ஜப்பானின் மொரியோகாவிலிருந்து போனில் பொரிந்து தள்ளினாள் சிகேனோ.

"இங்க அப்படிக் கழட்டுனா, பயந்துட்டான்னு சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டுமே! நம்ம ஊர்ல பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கழட்டும். இனி நான் எப்படித் தெருவுல தலைகாட்டுறது?"

மறுமுனையில் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது.

"யாருடா அது?"

"அடி வாங்கினவன்தாம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து சோறு போட்டேன். நீ அனுப்பின பிளம் ஊறுகாய் ஜாடியையே காலி பண்ணிட்டு, நான் திட்டு வாங்குற அழகைப் பாத்துச் சிரிக்கிறான்."

சிகேனோ எழுந்து, போனைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்தாள்.

"இன்னொரு ஜாடி அனுப்புறேன். உனக்கில்ல, அவனுக்கு."