சாப்பிட்டியா கண்ணு?

தொட்டி மீன் சிவப்பி செத்து மூன்று நாளாகியும் நத்தைக்கு அவள் ஞாபகமாகவே இருந்தது. காலையில் விளக்கு எரிந்ததும், "எழுந்தாச்சா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு சுற்று வருவாள்.

"தண்ணிதான் சரியில்ல," என்றது தீனி டப்பா.

"தண்ணியில என்ன குறை? வயிறு ஊதித்தான் செத்தா. வீட்டுல அஞ்சு பேரும் ஆளாளுக்கு வந்து, 'சாப்பிட்டியா கண்ணு?'ன்னு உன்னைத்தானே கவிழ்த்தாங்க?"

"அவ வேணாம்னு இருந்திருக்கலாமே!"

"'ஆசையாக் கேக்குறாங்க, எப்படிக்கா மறுக்குறது?'ம்பா."

"நீயாவது தடுத்திருக்கலாம். கீழே விழுந்த மிச்சத்தைத் தின்னு கொழுத்தவ நீதானே?"

நத்தை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது.

அன்று மாலை புதுசாக ஒரு குட்டி மீன் வந்தது. "சாப்பிட்டியா கண்ணு?" என்று ஐந்து குரல்களும் கேட்டன. தின்ன வேண்டாம் என்று அதனிடம் சொல்ல நத்தை பதறிக்கொண்டு மேலே ஊர்ந்தது. பாதிக் கண்ணாடி ஏறுவதற்குள் குட்டி ஐந்தாவது தடவையாக வாயைத் திறந்திருந்தது.