நொண்டி சாப்பிட்டாளா?

"நொண்டி சாப்பிட்டாளா?"

போனை எடுத்ததும் மனைவியின் முதல் கேள்வி அதுதான். தையல்காரர் கையிலிருந்த வெந்நீர்க் கெட்டிலைக் கீழே வைத்தார்.

"நல்லா சாப்பிட்டா. மத்தவங்களை இடிச்சுத் தள்ளிட்டு முன்வரிசையில வந்து நின்னா."

சொல்லிவிட்டுக் கோழிக் கூண்டைப் பார்த்தார். உள்ளே ஏழு கோழிகள். எட்டாவதாக இருக்க வேண்டிய நொண்டி அங்கே இல்லாமல் பதினோரு நாள் ஆகிவிட்டது.

உறைந்து கிடந்த முற்றத்தில் வழுக்கி விழுந்து மனைவிக்குக் கால் எலும்பு முறிந்தது. மூன்று வாரம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் தங்கை வீட்டில் இருப்பதென்று முடிவாயிற்று. சகலை காரோடு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, தையல்காரர் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தபோது, அவள் ஏற்கெனவே காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாம் எழுதி வெச்சிருக்கேங்க. படிச்சுப் பாத்துச் செய்ங்க. கூண்டுத் தாழ்ப்பாளை மட்டும் மறந்துடாதீங்க!"

மறந்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால் கூண்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. நொண்டியைக் காணவில்லை. தரையில் ஒரு இறகுகூட இல்லை. நரியோ, நாயோ, யார் கண்டது? குற்றவாளி தான்தான் என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அது பொரிக்கும்போதே கால் வளைந்து பிறந்த கோழி. செருப்புப் பெட்டியில் பஞ்சு வைத்து, அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, இங்க் ஃபில்லரால் தண்ணீர் புகட்டி வளர்த்தவள் மனைவி. "பெத்த பிள்ளையைக்கூட இப்படித் தாங்கியிருக்க மாட்டே" என்று அவரே எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறார்.

அன்றைக்கு வந்த முதல் போனில் அவள் குரல் வலியில் நைந்து போயிருந்தது. "நொண்டி எப்படி இருக்கா?" என்றாள். உண்மை தொண்டை வரை வந்தது. "நல்லா சாப்பிட்டா" என்று வாய் சொல்லிவிட்டது.

ஒரு நொடி மௌனம். பிறகு, "அப்படியா? அப்புறம்?" என்றாள்.

அந்த 'அப்புறம்'தான் அவரை மாட்டிவைத்தது. தினமும் ஒன்று சொல்ல வேண்டியதாயிற்று. நொண்டி அவர் ஸ்வெட்டரின் நூலை இழுத்துவிட்டாள். நொண்டி தையல் மெஷின்மேல் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றாள். கேட்கக் கேட்க அவள் சிரித்தாள். கால் உடைந்தவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். அதை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை.

சந்தையில் கோழி விற்கும் அம்மாவிடமும் போய்க் கேட்டுப் பார்த்தார்.

"செம்பட்டை நிறத்துல, இடது கால் நொண்டற மாதிரி ஒண்ணு கிடைக்குமாம்மா?"

"நொண்டிக் கோழியா?" அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இருபது வருஷமா விக்கறேன். நல்ல காலா இருக்கான்னு கேட்டுத்தான் வருவாங்க. நீங்க என்னய்யா, ஆர்டர் குடுக்கறீங்க?"

செய்த தப்புக்கு ஈடாக, மனைவி வளர்த்த மற்ற பிராணிகளையெல்லாம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். விடியும் முன் எழுந்து, தண்ணீர்த் தட்டில் உறைந்த பனிக்கட்டியை வெந்நீர் ஊற்றிக் கரைத்தார். தண்ணீர் வைத்த கையோடு வாத்துகள் அதில் காலை வைத்து மிதித்துவிடும். திட்டிக்கொண்டே மறுபடி மாற்றினார். குளிரில் கொண்டை வெடிக்காமலிருக்க ஒவ்வொரு கோழியாகப் பிடித்து வாஸ்லின் தடவினார். முயல்களுக்கு வைக்கோலை இரட்டிப்பாகப் போட்டார். நடுங்கிய ஆட்டுக்கு இஞ்ச் டேப் வைத்து அளவெடுத்து, லைனிங் கொடுத்து ஒரு கோட்டே தைத்துப் போட்டார். அது நன்றிக்கடனாக டேப்பில் பாதியைத் தின்றுவிட்டது. கூண்டுத் தாழ்ப்பாளைத் தினமும் மூன்று முறை இழுத்துப் பார்த்தார்.

மூன்று வாரம் முடிந்தது. வாசலில் கார் வந்து நின்றது. மனைவி கதவைத் திறப்பதற்குள் தையல்காரர் ஓடிப்போய்க் கதவோரம் நின்றார்.

"இறங்காதே. முதல்ல நான் சொல்றதைக் கேளு."

"என்னங்க, முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு?"

"நீ போன அன்னைக்கே தாழ்ப்பாள் போட மறந்துட்டேன். காலையில பாத்தா நொண்டியைக் காணோம். அவ சாப்பிட்டா, மெஷின் மேல ஏறினா, அது இதுன்னு சொன்னதெல்லாம் பச்சைப் பொய். நீ என்ன வேணா திட்டு. பேசாம மட்டும் இருந்துடாதே."

அவள் பேசாமல்தான் இருந்தாள். முன் சீட்டில் சகலை ஸ்டீயரிங்மேல் கவிழ்ந்துகொண்டார்; அவர் தோள் குலுங்கியது. ஒரு கோழிக்காக இந்த மனுஷனே அழுகிறாரே என்று தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"முதல் நாளே 'காணோம்'னு சொல்லியிருந்தா நானும் உண்மையைச் சொல்லியிருப்பேங்க," என்று மனைவி தன் மடியிலிருந்த கூடையின் மூடியைத் திறந்தாள்.

உள்ளேயிருந்து செம்பட்டைத் தலை ஒன்று வெளியே எட்டி, அவரை ஏற இறங்கப் பார்த்தது.

"இவளை விட்டுட்டுப் போக மனசு வரல, நீங்க கிண்டல் பண்ணுவீங்கன்னு சொல்லாமத் தூக்கிட்டுப் போயிட்டேன், தினமும் நீங்க சொன்ன கதையை ஸ்பீக்கர்ல போட்டு, இவளை மடியில வெச்சுக்கிட்டுத்தான் வீடே கேட்டுச்சு!"