மாப்பிள்ளைக்கு இன்று ஸ்டாண்ட்பை

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்றே பயமாக இருக்கிறது. விமான சமாச்சாரம். ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னாலும் என் மகள் என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள்.

மாப்பிள்ளை விமானம் ஓட்டுகிறார். கடல் தாண்டுகிற பெரிய விமானம் இல்லை. பக்கத்து ஊர்களுக்குப் போய் வருகிற, இறக்கையில் விசிறி சுற்றுகிற சின்ன விமானம். ஒரு நாளைக்கு ஆறு தரம் ஏற்றி, ஆறு தரம் இறக்குவார். டவுன் பஸ் மாதிரிதான். தொப்பி ஒன்றுதான் அதிகம்.

மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம். உதவிக்கு வந்தவள் நான். வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். ஒரு நாள் விடிவதற்கு முன்னால் கிளம்புகிறார். அடுத்த நாள் மத்தியானம் கிளம்புகிறார். இன்னொரு நாள் பட்டப்பகலில் ஜன்னலை மூடிக்கொண்டு தூங்குகிறார். அப்போது வாஷிங் மெஷின் போடக்கூடாது. அழைப்பு மணி அடிக்கக்கூடாது. குழந்தை ஒன்றுதான் இந்தச் சட்டத்துக்கெல்லாம் கட்டுப்படவில்லை.

அன்றைக்கு அவருக்கு ஸ்டாண்ட்பை. வீட்டிலேயே இருக்கலாம். ஆபீசில் கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் போய் நிற்க வேண்டும்.

நான் ஊருக்குத் திரும்ப வேண்டிய நாளும் அதுதான். கிளம்புவதற்குள் இந்த வீட்டை ஒழுங்குபடுத்திவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம்.

பத்து மணிக்கு போன் வந்தது. மாப்பிள்ளை கேட்டுக்கொண்டார். "அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்" என்று வைத்தார்.

"வர வேண்டியவருக்குக் காய்ச்சலாம். என்னை வரச் சொல்றாங்க. முடியாதுன்னு சொல்லப்போறேன்" என்றார் மகளிடம்.

எனக்குப் பகீர் என்றது.

"ஏன் மாப்பிள்ளை, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல அத்தை. ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல. இவனைத் தோள்ல போட்டுட்டு நடந்துட்டே இருந்தேன்."

"புள்ள பெத்தவன் எவன் தூங்கறான்?"

"அம்மா, நீ சும்மா இரு" என்றாள் மகள்.

"நான் ஏன்டி சும்மா இருக்கணும்? இந்த மாசத்துல இது ரெண்டாவது தரம். அடுத்த மாசம் கேப்டனாக்க ஆள் தேர்ந்தெடுக்கறாங்கன்னு நீதானே சொன்னே? எப்பக் கூப்பிட்டாலும் தூக்கம் வருதுன்னு சொல்றவரை யாரு கேப்டனாக்குவா? ஏழு வருஷமா ரெண்டாம் ஆளாவே உக்காந்திருக்கார்."

"தூங்காம ஓட்டறதும் குடிச்சிட்டு ஓட்டறதும் ஒண்ணுதான் அத்தை."

"பக்கத்துல கேப்டன் இருப்பார்ல? அவர் முழிச்சிருந்தாப் போதாதா?"

"அவரும் என்னைப் பத்தி இதையேதான் நினைச்சுட்டு வருவார்."

நான் கடைசி அம்பை எடுத்தேன்.

"உங்க மாமா லாரி ஓட்டினவர். மூணு ராத்திரி சேர்ந்தாப்ல முழிச்சு ஓட்டுவார். ஒரு நாள் முடியாதுன்னு வாயைத் திறந்ததில்ல."

இரண்டு தரம் பள்ளத்தில் இறக்கியதை நான் சொல்லவில்லை. பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

மாப்பிள்ளை எழுந்துபோய் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்படிச் சொல்லுங்க! பொறுப்புள்ள ஆம்பளைன்னா இப்படித்தான் இருக்கணும்" என்றேன்.

அவர் ஷூ போட உட்கார்ந்தார். கயிற்றைக் கையில் பிடித்தபடியே கண்ணை மூடினார். தலை தொங்கி, மறுபடி நிமிர்ந்தது.

"நீங்களும் ரெடியாயிடுங்க அத்தை. ஒண்ணாவே போயிடலாம். ஒன்றரை மணி பிளைட்டுக்குத்தான் கூப்பிட்டாங்க. உங்க பிளைட்டு."



"போனைக் குடுங்க மாப்பிள்ளை" என்று பிடுங்கினேன். "அந்த ஆபீஸ் நம்பரைப் போடுடி."

எடுத்தது ஒரு பெண்.

"மாப்பிள்ளையால இன்னைக்கு முடியாதும்மா. கண்ணையே திறக்க முடியல."

"நீங்க யாரு?"

"மாமியார்."



"மாமியாரே மாப்பிள்ளைக்கு லீவு கேக்கறாங்கன்னா நிஜமாவே முடியலைன்னுதான் அர்த்தம். அவரை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கம்மா."

அவர் ஒரு வார்த்தை சொன்னார். ஒரு கால் ஷூவோடு கட்டிலில் சாய்ந்தார். குறட்டை கூடம் வரை கேட்டது.

"பாத்தியா, மனுஷன் எவ்வளவு களைச்சுப் போயிருக்கார்! நீதான்டி கவனிச்சுக்கணும்" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன்.

"அப்ப உன்னோட பிளைட்டு?"

"போகாமலா இருக்கும்? வேற யாரையாவது கூப்பிட்டிருப்பாங்க."

"கூப்பிட்டிருப்பாங்கம்மா." குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "அவரும் முடியாதுன்னுதான் சொல்லிப் பாத்திருப்பார். பாவம், அவர் மாமியார் என்ன சொன்னாங்களோ!"

வாசலில் டாக்சி வந்து நின்றது.

"ஏர்போர்ட்தானேம்மா?" என்றார் டிரைவர்.

"ரயில்வே ஸ்டேஷன்" என்றேன்.